கொடியிலதான் கிடக்கு

மாசி 3, திங்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். கரையில் கம்பத்து உச்சியில் பறக்கிறதே மஞ்சள் கொடி, கடலில் இருக்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற கொடி, அது என் உள்பாவாடை.

நான் என்ன செய்ய? முதலில் சிவப்புத் துணிதான் ஏற்றினார்கள். புயல் எச்சரிக்கை என்று நினைத்துப் படகெல்லாம் அரக்கப்பரக்கக் கரை திரும்பிவிட்டது. வேறு இரண்டு நிறங்களைச் சொன்னதற்கு, எந்தக் கட்சி ஏற்றச் சொன்னது என்று மீன் ஏலக்கடையில் சண்டை. மஞ்சளுக்கு மட்டும்தான் யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்த நேரத்துக்கு மஞ்சளாக என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். பக்கத் தையலைப் பிரித்தேன். நாடா கோர்க்கிற மடிப்பை அப்படியே விட்டுவிட்டேன், கயிறு கோர்க்கத் தோதாக இருந்தது. அடியில் இருந்த பூ லேசைப் பிரிக்கவில்லை, சோம்பல்.

"கொடி சூப்பரா இருக்குங்க்கா, எங்க வாங்குனீங்க?" என்று சங்கவிப் பாப்பா கேட்டது.

தஞ்சாவூரில் என்றேன். பொய் இல்லை.

என் பெயர் தையல்நாயகி. ஐந்தாவது படித்தேன், அதிலும் பாதி. மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் ட்ரோன்காரர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். சங்கவி சேலத்துப் பெண், கடல் உயிர்களைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறது. ஹாரூன் திண்டுக்கல் பையன், ட்ரோன் ஓட்டுகிறவன். என்ன சமைத்தேன், என்ன சாமான் தீர்ந்தது என்று எழுதச் சொல்லி இந்த டைரியைச் சங்கவிதான் கொடுத்தது. இன்று சாம்பார். நாளைக்கும் சாம்பார்தான். அதனால் மற்றதை எழுதுகிறேன்.

மாசி 4, செவ்வாய்

ட்ரோனுக்கு நான் வைத்திருக்கிற பெயர் மாப்பிள்ளை. ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பும், போன இடத்தில் கொஞ்ச நேரம்கூட ஒழுங்காக நிற்காது, திரும்பி வந்ததும் படுத்துக்கொண்டு சார்ஜ் கேட்கும்.

இந்த மாப்பிள்ளை தினமும் காலையில் மாமியார் வீட்டுக்குப் போகிறது. மாமியார் என்றால் ஆவுளியா. கடல்பசு என்று சங்கவி சொல்லும். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், கடலுக்கடியில் வயல் மாதிரி புல் வளர்ந்து கிடக்கிறது. புல்லடி என்போம். அங்கேதான் மாமியார் குட்டியோடு மேய்கிறது. குட்டிக்கு மச்சினி என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஹாரூன் திரையில் காட்டினான். பச்சைக் கண்ணாடிக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பெரிய வெள்ளரிக்காய் ஒன்று, அதன் முதுகோரம் ஒட்டிக்கொண்டு சின்ன வெள்ளரிக்காய் ஒன்று. பெரியது மேய்ந்துபோன இடமெல்லாம் கோடு கோடாக மண் தெரிந்தது. வாலோரத்தில் ஒரு வெட்டு. எப்போதோ படகு விசிறி பட்டதாம். அதை வைத்துத்தான் அதே ஆள் என்று கண்டுகொள்கிறார்கள்.

"மாமியார் நிமிந்தே பாக்க மாட்டேங்குதே தம்பி. குனிஞ்ச தலை சாப்பாட்டுலயே இருக்கு."

"மாப்பிள்ளைய பிடிக்கலக்கா" என்றான் ஹாரூன்.

பையன் தேறிவிடுவான்.

மாசி 6, வியாழன்

கொடி விவகாரத்தை எழுதிவைக்கிறேன். காலையில் ட்ரோன் பறந்து, மாமியாரும் மச்சினியும் புல்லடியில் இருப்பதைப் பார்த்துவிட்டால் நான் கொடி ஏற்ற வேண்டும். கொடி பறந்தால் அன்றைக்குப் புல்லடியில் யாரும் திருக்கை வலை போடக் கூடாது. அந்த வலை தரையோடு மதில்சுவர் மாதிரி நிற்கும். ஆவுளியா மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய ஜீவன், மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். கொடி இல்லை என்றால் அது வேறு பக்கம் போய்விட்டது என்று அர்த்தம், தாராளமாகப் போடலாம். ஊர்க்கூட்டத்தில் பேசி வைத்தது இது.

போனில் சொன்னால் போதாதா என்று சங்கவி கேட்டபோது கூட்டமே சிரித்தது. கடலுக்குப் போகிறவன் போனைப் பாலித்தீனில் கட்டிச் சோற்றுவாளிக்குள் வைத்திருப்பான், எவன் எடுத்துப் பார்ப்பான்?

முதலில் ஒத்துக்கொண்டது என் கொழுந்தன் மதியழகன்தான். "எங்க அண்ணி கொடி ஏத்துனா நான் வலை போடல. கொடி இல்லாட்டி போடுவேன். இதுல என்னா பேச்சு இருக்கு?" என்று எழுந்து சொல்லிவிட்டான். அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் மீன் பிடிக்கிறார். இங்கே வீட்டுக்கு ஆம்பளை என்றால் மதியழகன்தான்.

பங்குனிக் கடைசியில் மேலிடத்து ஆட்கள் வருவார்களாம். அதுவரை தாயும் குட்டியும் இங்கேயே மேய்வதைப் படம் எடுத்துக் காட்டிவிட்டால், புல்லடியை வலை போடாத இடமாக எழுதிவிடுவார்களாம்.

"இந்தப் பக்கம் குட்டியோட இருக்கறது இது ஒண்ணுதாங்க்கா. இது போச்சுன்னா காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றது சங்கவி. சொல்லும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாயில் வைக்கவில்லை.

"அப்பளம் வேணுமா?" என்று கேட்டேன். எனக்கு வேறென்ன தெரியும்.

மாசி 8, சனி

இன்னொரு வண்டி வந்திருக்கிறது. ஆளே ஏறாத குட்டிப் படகு. தண்ணீரில் தானாகப் போய் அடியில் இருக்கிற புல்லைப் படம் பிடிக்குமாம். பார்க்க ஒற்றைச் செருப்பு மாதிரி இருக்கிறது. செருப்பு என்றுதான் சொல்கிறேன். "அக்கா, பெரிய ஆளுங்க வந்தா அப்படிச் சொல்லிராதீங்க" என்று ஹாரூன் கெஞ்சினான். பெரிய ஆட்கள் செருப்புப் போடுவதில்லையா என்று கேட்டேன்.

மாசி 9, ஞாயிறு

ஹாரூனுக்கு வயிறு சரியில்லை. ரசத்தால் இல்லை.

மாசி 12, புதன்

மானம் போயிற்று.

ஏலக்கடையில் கூடைக்கு நின்றிருந்தேன். கலைமணி வந்தாள். மதியழகனின் பொண்டாட்டி, என் ஓரகத்தி. கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக் கம்பத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏக்கா, அந்தக் கொடியில லேசு இருக்கு?"

"காத்துல அப்படித் தெரியும்டி."

"காத்துல பூப்பூவாவா தெரியும்? இது போன தீபாவளிக்கு நானும் நீயும் தஞ்சாவூர்ல எடுத்த பாவாடைல்ல! எனக்குப் பச்சை, உனக்கு மஞ்சள்!"

அவ்வளவுதான். மீன்காரிகள், ஐஸ் உடைக்கிறவர்கள், வியாபாரி, எல்லாரும் கம்பத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி கும்பிடு போட்டாள். மதியழகன் வலையை உதறிக்கொண்டே அந்தப் பக்கமிருந்து கத்தினான்.

"அண்ணி, இனிமே நான் அந்தப் பக்கம் நிமிந்தே பாக்க மாட்டேன். அண்ணன் வந்தா என்னய வெட்டிப்புடும்!"

"பாக்காட்டி போ. உங்க அண்ணனே ஒழுங்கா பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனாலும் சாயங்காலம் கொடியை இறக்கும்போது பார்த்தால், காக்காய் எச்சம், மீன் எண்ணெய், ஓரமெல்லாம் அழுக்கு. ஊரே பார்க்கிற பாவாடை, அழுக்காக இருந்தால் என்ன நினைப்பார்கள்.

மாசி 13, வியாழன்

காலையில் எழுந்ததும் பாவாடையைச் சோப்பில் ஊறவைத்தேன். லேசைப் பிரித்தேன், பிரித்து எடுக்கவே நேரமாகிவிட்டது. அடித்துத் துவைத்து, சமையல்கட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிற கொடியில், ஹாரூன் கைலிக்கும் என் துண்டுக்கும் நடுவில் காயப்போட்டேன். நல்ல மஞ்சள். புதுசு மாதிரி ஆகிவிட்டது.

பருப்பு வேகவில்லை. பூனை வந்து கெளுத்தித் தலையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முன்பக்கமிருந்து சங்கவி சத்தம் கொடுத்தது. "மாமியார் வந்தாச்சு, குட்டியும் இருக்கு! அக்கா, கொடி போட்டாச்சா?"

"கொடியிலதான் கிடக்கு!" என்றேன்.

நல்ல ஜோக்கு. பாப்பா சிரிக்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் கேஸ் தீர்ந்துவிட்டது. பட்டுக்கோட்டை போய் சிலிண்டருக்குச் சொல்லி, அப்படியே கத்தரிக்காய், புளி, ஹாரூனுக்கு ஓமவாட்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். வரும்போது வெயில் இறங்கிவிட்டது. இனிமேல் ஏற்றி என்ன.

இரவுக்குத் தோசை.

மாசி 14, வெள்ளி

காலையில் ஹாரூன் கூப்பிட்டான். வழக்கமாகக் கத்துவான். இன்று மெதுவாகக் கூப்பிட்டான்.

திரையில் மச்சினி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே வரும், மூச்சு விடும், திரும்பக் கீழே போகும், அதே இடத்தில் சுற்றும். கொஞ்சம் தள்ளி மதியழகனின் படகு நின்றது. அவன் வலையை இழுக்கிறான், இழுக்க இழுக்கப் படகு சாய்கிறது. தண்ணீருக்குள் வெள்ளையாக ஒன்று மல்லாந்து வந்தது. அடிவயிறு. மாமியாரின் அடிவயிறு வெள்ளை என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேறு யாராக இருந்தாலும் வலையை அறுத்துவிட்டுச் சத்தம் போடாமல் வந்திருப்பார்கள். அவன் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கே வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றான். வாலோரத்தில் அந்த வெட்டு. சங்கவி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டது.

மதியழகன் வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"நேத்து கொடி இல்லயே அண்ணி. ரெண்டு தடவ பாத்தேன் அண்ணி. கம்பம் மொட்டையா நின்னுச்சு."

உலையில் அரிசி போட்டுவிட்டு வந்திருந்தேன். குழைந்துவிட்டது.

மாசி 15, சனி

பாவாடையை மடித்து அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். சமைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

மாசி 16, ஞாயிறு

ஏலக்கடையில் கூட்டம். வனத்துறை ஆபீசர்கள் ஜீப்பில் வந்தார்கள். கொடி இல்லை என்று மதியழகன் சொன்னான். அவனோடு போன இரண்டு பேரும் சொன்னார்கள்.

சங்கவி எழுந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "நான் கேட்டேன். அக்கா போட்டாச்சுன்னு சொன்னாங்க. என் காதால கேட்டேன். இவங்க பொய் சொல்றாங்க. திருக்கை கிடைக்கும்னு வேணும்னேதான் போட்டிருக்காங்க."

"பாப்பா, வார்த்தைய அளந்து பேசு" என்றார் ஒருவர்.

"நீங்க அளந்து வலை போட்டீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் வழக்கமாக எனக்கு வாயில் ஏதாவது வந்துவிடும், அவர்களும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். இன்றும் வந்தது.

"காத்துல கயிறு அவுந்திருக்கும்" என்றேன்.

மதியழகன் தலையைக் குனிந்துகொண்டான். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படகையும் வலையையும் எழுதி எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காற்று இல்லை. ஹாரூன் அன்றைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், இந்த மாதிரி நாள் அமையாது, இலைகூட ஆடலக்கா, மாப்பிள்ளை நின்ன இடத்துல நிக்குது என்று.

மாசி 17, திங்கள்

மச்சினி உயிரோடுதான் இருக்கிறது. புல்லடியில்தான் சுற்றுகிறது. இன்னும் பால்குடி மறக்காத குட்டியாம்.

செருப்பை ஹாரூன் தண்ணீரில் விட்டான், குட்டி எப்படி இருக்கிறதென்று பக்கத்தில் போய்ப் பார்க்க. அது பயந்து ஓடும் என்று நினைத்தோம். ஓடவில்லை. வந்து செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. மேலேயிருந்து ட்ரோனில் பார்த்தோம். செருப்பு போனால் போகிறது, நின்றால் நிற்கிறது. செருப்பின் வயிற்றை மூக்கால் முட்டி முட்டித் தேடுகிறது.

ஹாரூன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அக்கா, இத இனிமே செருப்புன்னு சொல்லாதீங்க" என்றான்.

சொல்லவில்லை.

மாசி 19, புதன்

சென்னையிலிருந்து ஒரு டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, நான் பால் கரைக்கிறேன். மாட்டுப்பால் ஆகாதாம். டின்னில் வந்த மாவு, அதில் எண்ணெய், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கட்டி தட்டக் கூடாது. என் பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்துக் கரைத்ததில்லை. நீளக் குழாய் மாட்டின பாட்டிலோடு நானும் சங்கவியும் நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்கிறோம். அந்த ஆளில்லாப் படகை ஹாரூன் மெல்ல எங்கள் பக்கம் கொண்டுவருகிறான், அதோடு குட்டியும் வருகிறது. இரண்டு மடக்குக் குடித்தது. மீதி கடலில்.

தோலைத் தொட்டுப் பார்த்தேன். கழுவின கத்தரிக்காய் மாதிரி வழவழவென்று இருந்தது.

சங்கவி என்னோடு பேசுவதெல்லாம் பாலைப் பற்றித்தான்.

மாசி 20, வியாழன்

ஒரு மடக்கு.

மாசி 21, வெள்ளி

படகுக்குச் சார்ஜ் ஏற்றக் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கொண்டுவந்தால் குட்டியும் பின்னாலேயே வந்து மணலில் தட்டி நிற்கிறது. தூக்கி ஆழத்தில் விட்டால் திரும்ப வருகிறது. வயிற்றில் மணல் உரசி ரத்தக்கோடு. ஹாரூன் இன்னொரு பாட்டரி கேட்டு எங்கெங்கோ போன் செய்தான். வந்து சேர்வதற்குள் படகு நடுவிலேயே நின்றுவிட்டது. நின்ற படகுக்கு அடியில் அது காத்துக்கொண்டிருந்தது.

பேச ஆளில்லாமல் அதனிடம் பேசினேன். "ஏய் மச்சினி, இது உங்க அம்மா இல்லடி. இது பிளாஸ்டிக்" என்றேன். சங்கவி என்னைப் பார்த்தது. அதற்கப்புறம் நான் அதனிடமும் பேசவில்லை.

மாசி 23, ஞாயிறு

பால் குடிக்கவில்லை.

மாசி 24, திங்கள்

மாப்பிள்ளை மூன்று நடை போய்வந்தது. மச்சினி தென்படவில்லை. வெறும் புல். அம்மாக்காரி மேய்ந்த கோடுகளில் புதுப்புல் முளைக்க ஆரம்பித்திருக்கிறது, மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது.

மதியம் படகைக் கரைக்கு ஏற்றினார்கள். அடியில் இரண்டு மிதவைகளுக்கு நடுவில் மச்சினி செருகிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு வெளியே வர முடிந்திருக்காது என்றான் ஹாரூன். இல்லை, அதற்கு முன்னாடியே முடிந்திருக்கும் என்றது சங்கவி. இரண்டு பேரும் அதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். நான் பால்பாட்டிலைக் கழுவிவைத்தேன்.

மாசி 26, புதன்

கலைமணி வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. அவள் வீட்டில் அடுப்பு எரிந்த மாதிரித் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தில் குழம்பு ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன்."

"கேளேன்டி. குழம்புல உப்பு கம்மியான்னு கேக்கப்போறியா?"

"அன்னிக்கு உன் பாவாடை எங்க இருந்துச்சு?"

"இடுப்புல" என்றேன்.

கலைமணி சிரிக்கவில்லை. நான் எது சொன்னாலும் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான், தாலி கட்டும்போதுகூட நான் ஏதோ சொல்ல, சிரித்து மாமனாரிடம் திட்டு வாங்கினாள்.

"நான்தானே கேலி பண்ணேன். அதனாலதானேக்கா கழட்டுன?" என்றாள். "என்கிட்டயாவது சொல்லேன்."

குழம்புப் பாத்திரம் கையில் சுட்டது. கீழே வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

பங்குனி 2, செவ்வாய்

சங்கவி என்னைத் திரைக்கு முன்னால் உட்காரச் சொன்னது. ஹாரூன் எழுந்து வெளியே போய்விட்டான்.

"பழைய படமெல்லாம் எடுத்து அடுக்கிட்டிருந்தோம். மாமியார் கடைசியா இருந்த நாள்." அப்படிச் சொல்லிவிட்டு ஓடவிட்டது.

புல்லடி. தாயும் குட்டியும் மேய்கிறார்கள். பிறகு ட்ரோன் திரும்புகிறது. அலை, மணல், ஐஸ் கம்பெனிக் கூரை. என் சமையல்கட்டை மேலேயிருந்து நான் பார்த்ததே இல்லை. தீப்பெட்டி மாதிரி இருக்கிறது. வாளி தெரிகிறது. பூனை கெளுத்தித் தலையோடு சுவரேறுகிறது. நான் அடுப்பைப் பார்த்துக் குனிந்திருக்கிறேன், பின்னந்தலையில் இவ்வளவு நரை இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் கொடி. கைலி, துண்டு, நடுவில் மஞ்சள். ட்ரோன் காற்றுப் பட்டு மஞ்சள் மட்டும் படபடவென்று ஆடியது. கரையில் கம்பம் மொட்டையாக நிற்கிறது. நிழல்கூடத் தெரிகிறது.

சங்கவி அந்த இடத்திலேயே நிறுத்தியது.

"கொடியிலதான் கிடக்குன்னு சொன்னீங்க."

"ஆமா பாப்பா."

"ஜோக்கு."

"ஆமா."

திரையில் இருந்த மஞ்சளை விரலால் தொட்டது. "எனக்கு அப்ப புரியலங்க்கா. புரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு, போய் ஏத்துங்கன்னு சொல்லியிருப்பேன்."

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

"கூட்டத்துல நான் அவங்கள பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"பருப்பு போட்டுட்டு வந்திருக்கேன் பாப்பா" என்று எழுந்தேன். பருப்பு போடவில்லை. அதற்கும் தெரியும், சமையல்கட்டிலிருந்து வாசனையே வரவில்லை.

பங்குனி 3, புதன்

சங்கவி படத்தை ஆபீசுக்கு அனுப்பிவிட்டது. நான் கூடவே போய் நின்றேன். என்ன நடந்தது என்று ஆபீசர் கேட்டார். துவைத்துப் போட்டேன் என்றேன். என்னத்தை என்று கேட்டார். பாவாடையை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு ஆபீசரைப் பார்த்தார். துணி என்று எழுதச் சொன்னார் ஆபீசர்.

எழுதினதைப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். தையல்நாயகி என்பதில் எப்போதும் ஒரு எழுத்து விட்டுப்போகும். இன்று எல்லாம் சரியாக வந்தது.

பங்குனி 6, சனி

மதியழகன் வீட்டுக்கு வந்துவிட்டான். கேஸ் முடியவில்லை, படகு அங்கேயேதான் வெயிலில் கிடக்கிறது. போய்ப் பார்த்தேன், முகத்தில் தாடி. என்னைப் பார்த்து "வாங்க அண்ணி" என்றான். அவன் என்னை அதுவரை "வா அண்ணி" என்றுதான் சொல்லியிருக்கிறான். இப்போது மரியாதை வந்துவிட்டது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க" என்றான்.

கலைமணி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அவளுடைய பச்சைப் பாவாடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பங்குனி 11, வியாழன்

ஊர்க்கூட்டம். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஹாரூன் போய்விட்டு வந்து சொன்னான். இனிமேல் கொடி ஒப்பந்தம் இல்லையாம். வேறு கொடி, நல்ல துணியில், நானே ஏற்றி நானே இறக்குகிறேன் என்று சங்கவி சொல்லிப் பார்த்ததாம். "எதுக்கு பாப்பா? அங்க இப்ப என்னா இருக்கு?" என்று ஒருவர் கேட்டாராம். கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார் என்றான்.

மேலிடத்து ஆட்களும் வரப்போவதில்லை. தாயும் குட்டியும் இல்லாத இடத்துக்கு வந்து என்ன பார்ப்பது என்று போனிலேயே முடித்துவிட்டார்கள்.

இன்று காலையில் ட்ரோனைச் சும்மா ஒரு தடவை விட்டான். புல்லடி முழுக்கத் திருக்கை வலை. மிதவைகள் வரிசையாக, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பங்குனி 15, திங்கள்

கொட்டகையைக் காலி செய்தார்கள். மாப்பிள்ளையை இறக்கை மடக்கிப் பெட்டியில் வைத்தார்கள். படகைக் கழுவியபோது அடி மிதவையில் குட்டியின் மீசைமுடி இரண்டு ஒட்டியிருந்தது. சங்கவி அதை எடுத்துச் சின்னக் கவரில் போட்டு மேலே ஏதோ எழுதிக்கொண்டது.

ஹாரூன் போகும்போது, "அக்கா, ரசத்தாலதான் வயிறு போச்சு, சொல்லாம விட்டுட்டேன்" என்றான். என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான், பாவம். சிரித்துக் காட்டினேன்.

சங்கவி வண்டியில் ஏறி உட்கார்ந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க" என்றது. அக்கா என்று சொல்லவில்லை. வேறு எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை, வேறு எங்காவது குட்டியோடு ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும் என்றது. இருக்குமா என்று கேட்டேன். வண்டி கிளம்பிவிட்டது.

கம்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் மேல் காக்காய் உட்கார்ந்திருக்கிறது.

பங்குனி 17, புதன்

வீட்டுக்காரர் போன் செய்தார். ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, வழக்கமாக ஏதாவது வம்பு பேசுவாயே என்றார். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

பங்குனி 20, சனி

அரிசி மூட்டை காலியானது. அடியில் பாவாடை இருந்தது. கட்டிக்கொள்ளவும் முடியாது, பக்கத் தையல் பிரித்தாயிற்று. யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நாலாகக் கிழித்துக் கரித்துணி ஆக்கினேன்.

மதியம் அதில் ஒன்றை வைத்துச் சோற்றுப் பானையை இறக்கினேன். துணி மெல்லிசு. கை சுட்டு, பானை நழுவி, பாதிச் சோறு அடுப்பில் கொட்டிவிட்டது. மீதியைச் சாப்பிட்டேன். பூனைக்கும் கொஞ்சம் வைத்தேன்.